கைப்பட்டி வைத்த உறை

1

சென்ற வாரம் மோனிக்கா என்னிடம் ஓர் உறை தைத்துத் தரும்படி கேட்டார். நாங்கள் இருவரும் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான் பிடித்து மடிப்பேன். வருடக்கணக்காக இப்படி எதிரெதிரே நிற்கிறோம். பேசியது குறைவு. நான் இடைவேளையில் புத்தகம் வாசிக்கும் சின்னக் கருவிக்கு நானே ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். அதை அவர் வெகுநாளாகக் கவனித்திருக்கிறார். தன்னுடைய கருவிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்.

முடியாது என்றேன்.

அந்த இடத்தில் நான் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, லீவில் போனவன் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்டால் என் தலை தானாக ஆடிவிடும். கூச்சம்தான் காரணம். நல்ல மனம் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோனிக்கா விரிப்பைப் பிடித்தபடியே நின்று, ஏன் என்று கேட்டார். என்னிடம் இருக்கும் ஜெர்மன் மொழி சோப்பு, சூடு, சம்பளம், சுகவீனம் என்ற அளவோடு நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வரவில்லை. ஊரில் அண்ணனுக்கு நான் தைத்துக் கொடுத்த உறைக்கு என்ன ஆனது என்பதுதான் காரணம். தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் இது தெரியவும் வேண்டும். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

2

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இலங்கையில், கண்டிப் பக்கம் வத்தேகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஆனாலும் வாசிப்பேன். மெதுவாக, உதடு அசைய அசைய வாசிக்கிறவன். உதடு அசைவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இடைவேளையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவேன்.

கண் மங்கத் தொடங்கியபோது மகள் ஆர்த்தி என் பிறந்தநாளுக்கு இந்தக் கருவியை வாங்கித் தந்தாள். சின்ன நோட்டுக் கொப்பி அளவுதான். உள்ளே எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கிடக்கும். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். போன் திரைபோலக் கண்ணைக் குத்தாது, காகிதம் மாதிரியே இருக்கும். தமிழ்ப் புத்தகங்களையும் அவளே ஏற்றித் தந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அட்டைப்படத்தைப் பார்த்து ஏற்றினாள். அதனால் நாவல்களுக்கு நடுவே மூலவியாதிக்கு வைத்தியம் சொல்லும் புத்தகம் ஒன்றும், கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் வந்து சேர்ந்தன. நான் அவளிடம் சொல்லவில்லை. இரண்டையும் முழுவதும் வாசித்தேன். மகள் எடுத்துத் தந்த தமிழ்ப் புத்தகம் என்று எனக்கு வேறு எது இருக்கிறது?

அவளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியவன்தான் நான். அங்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதிகம். "உங்கட அப்பா ஏன் இந்தியாக்காரர் மாதிரிக் கதைக்கிறார்?" என்று ஒரு பிள்ளை கேட்டதாம். அதற்கு என்ன பதில் சொல்வது என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். எங்கள் தாத்தாவின் அப்பாவைத் தேயிலைக் கன்று நட இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று தொடங்கினேன். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய கதையாக அது இல்லை. அடுத்த சனிக்கிழமை வயிற்றுவலி என்றாள். அதன் பிறகு போகவேயில்லை. இப்போது அவள் ஜெர்மன் மொழியில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் பாதி புரியும்.

உறைக்கு வருகிறேன். சலவைக்கூடத்தில் எங்கும் ஈரமும் பஞ்சுத்தூசும். கருவியை வெறுமனே பையில் போட்டால் சாவி கீறும். கடையில் விற்கிற உறைகள் வழவழப்பான பிளாஸ்டிக். என் ஈரக் கையில் நழுவின. நானே தைப்பது என்று முடிவு செய்தேன். உள்பக்கம் வைக்கக் கம்பளி மாதிரி மெத்தென்ற துணி வேண்டும். துணிக்கடைப் பெண்ணிடம் அதன் பெயர் சொல்லத் தெரியாமல், மெதுமையைக் காட்டக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிக் காட்டினேன். அவள் முகம் இரங்கிப்போய், வெளியே வந்து, எதிரே இருந்த மருந்துக்கடையைக் காட்டினாள். பல்வலி என்று நினைத்துவிட்டாள். நன்றி சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குள் போனேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், வேறு என்ன செய்வது? பல்வலிக் குளிசை ஒன்று வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் வேறு துணிக்கடைக்குப் போனேன்.

பழைய கலண்டரின் அடி அட்டையைக் கருவியின் அளவுக்கு இரண்டு துண்டாக வெட்டினேன். நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டால்தான் புத்தகம்போல மடியும். வெளிப்பக்கத்துக்கு என் பழைய வேலைக் காற்சட்டைத் துணி. நான்கு மூலையிலும் கருவியைப் பிடிக்க எலாஸ்டிக். முதலில் தைத்தது இறுக்கமாகப் போய்விட்டது. ஓரம் போய்ப் பொத்தானை அழுத்த, கருவி தானாக அணைந்து அணைந்து எரிந்தது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஆர்த்தி பார்த்துவிட்டு, கடையில் வாங்கினால் நாளைக்கே வீட்டு வாசலுக்கு வருமே என்றாள். தையலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

3

இரண்டாவதாக ஒரு கருவி வாங்கியது அண்ணனுக்கு. இரண்டாவது உறையும் அவருக்குத்தான்.

அண்ணன் தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தவர். நாங்கள் குடியிருந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில். ஞாயிறானால் பஸ் பிடித்து டவுன் வாசிகசாலைக்குப் போவார். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் டவுனில் வரி கட்டுகிற வீட்டுக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று அங்கே மேசையில் இருந்தவர் சொன்னார்.

"வீட்டு நம்பர்?"

"லயம் சார்."

"லயத்துக்கு நம்பர் இல்லையா?"

"எங்களுக்கு இருக்கு சார். தோட்டத்துப் பேர்ப் பதிவுல இருக்கு. வீட்டுக்குத்தான் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இங்கேயே நின்னு வாசி" என்றார். அண்ணன் நின்று வாசித்தார். கதிரைகள் இருந்தன, ஆனால் நின்று வாசி என்று சொல்லிவிட்டதால் நின்றே வாசித்தார். அவருடைய ரோஷம் அப்படிப்பட்டது. தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை அவரைக் கண்டால், "என்ன ஜட்ஜ் ஐயா, தீர்ப்பு எழுதியாச்சா?" என்பார். "ஒங்க கேஸ்தான் பாக்கி" என்று அண்ணன் சொல்வார். எனக்கு அந்தத் துணிச்சலில் கால்வாசியும் வரவில்லை.

இப்போது அவர் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் மகன் வீட்டில் இருக்கிறார். அண்ணி போய்விட்டார். ஒரு கண்ணில் ஒப்பரேஷன் செய்தும் அச்செழுத்துத் தெரிவதில்லை. கை வேறு நடுங்குகிறது. போனில் ஒருநாள், நாளெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ரேடியோ கேக்குறேன். அது சொல்றதையெல்லாம் நான் கேக்குறேன். நான் ஒண்ணு சொன்னா அது கேக்க மாட்டேங்குது" என்றார். பிறகு, குரல் மாறி, "வாசிக்க முடியலடா" என்றார். அவ்வளவுதான். அண்ணன் தன் உடம்பைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே குறை அது. அண்ணி இறந்தபோதுகூட அந்தக் குரல் இல்லை.

அவருடைய உறையைப் பாரம் இல்லாமல், அட்டை வைக்காமல், கனத்த துணியிலேயே தைத்தேன். புதிதாக ஒரு வேலையும் செய்தேன். பின்பக்கம் அகலமான பட்டி ஒன்றைக் குறுக்கே தைத்தேன். அதற்குள் நான்கு விரலையும் நுழைத்துக்கொண்டால், கை எவ்வளவு நடுங்கினாலும் கருவி விழாது. கையோடு கையாக நடுங்கும், அவ்வளவுதான். என் கையை வேண்டுமென்றே நடுங்க வைத்து, வீடு முழுக்க நடந்து பார்த்தேன். பட்டியை இரட்டை நூலால் தைத்தேன். கண்டிக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

கிடைத்ததும் அண்ணனின் மருமகள் சுமதி போனில் கூப்பிட்டாள். "சின்ன மாமா, டெப் கெடைச்சிருச்சு. அந்தக் கவர் இருக்கே, கையால தச்சதுன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டேங்குறாங்க" என்றாள். கருவியைத்தான் அவள் டெப் என்கிறாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணனிடம், வாசிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நடக்குது, நடக்குது" என்றார்.

4

ஒரு வருடம் கழித்து லீவு கிடைத்தது. ஆர்த்திக்குப் பரீட்சை. நான் மட்டும் ஊருக்குப் போனேன்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்த வீட்டு வரவேற்பறை தெரியும். எல்லா வீட்டிலும் அது ஒன்றுதான். கண்ணாடி அலுமாரிக்குள் நான் பல வருடமாக அனுப்பிய வாசனைப் போத்தல்கள் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன. குளிருக்கு அனுப்பிய போர்வை அதன் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே ஸிப் இழுபட்டபடி இருந்தது. மார்கழிப் பனியிலும் அண்ணன் பழைய பெட்ஷீட்டைத்தான் போர்த்திப் படுப்பாராம். எனக்கும் அதே மரியாதைதான். புது விரிப்பு, போத்தல் தண்ணீர், தூசி தட்டிய கதிரை. "நீங்க எந்திரிக்காதீங்க சின்ன மாமா", "நீங்க அதத் தொடாதீங்க சின்ன மாமா." வந்த அன்றைக்கே என்னையும் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள்.

முருகன் படம் வைத்த சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில், என் இரட்டை நூல் பட்டியில், உறை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள்.

நான் முகம் சுளித்துப் பார்ப்பதைச் சுமதி பார்த்தாள். "சரஸ்வதி பூசைக்கு எங்க பாப்பாவோட ஸ்கூல் கொப்பிங்களோட வச்சோம் மாமா. அப்புறம் எடுக்க மனசு வரல. அந்தப் பட்டி வேற வச்சுத் தச்சிருந்தீங்களா, மாட்டுறதுக்கு ரொம்ப வசதியாப் போச்சு."

சரஸ்வதி பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி வரை வாசிக்கக் கூடாது. எனக்குத் தெரியும். விஜயதசமி போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

அண்ணன் மூலையில் கதிரையில் இருந்தார். "ஒரு வருசமா முருகன்தான் வாசிச்சுக்கிட்டு இருக்காரு. முடிச்சதும் தருவாருன்னு நானும் லைன்ல நிக்கிறேன்" என்றார்.

"என்ன மாமா நீங்க, கேட்டா எடுத்துத் தர மாட்டோமா?" என்றாள் சுமதி.

அவள் உள்ளே போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "கேட்டா தருவாதான். தந்துட்டுப் பக்கத்துலயே நிப்பா. 'பாத்து மாமா, பாத்து மாமா, வெலகூடுன சாமான்.' நான் கதையப் பாக்குறதா, சாமானப் பாக்குறதா? அவமேல தப்பில்லடா. எங் கையப் பாத்தா எனக்கே பயமாத்தான் இருக்கு."

நியாயமாக அங்கேயே நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். எனக்கு அது வராது. தேநீர் குடித்தேன். பிஸ்கட் தின்றேன். பிறகு எழுந்துபோய், யாரிடமும் கேட்காமல், ஆணியிலிருந்து உறையை எடுத்தேன். சார்ஜில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, அண்ணனின் இடது கை விரல்களைப் பட்டிக்குள் நானே நுழைத்துவிட்டேன்.

அவர் முதல் பக்கத்தைத் தொட்டார். வாசித்தார். கருவி அவர் கையோடு நடுங்கியது. ஆனால் விழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது தலையை நிமிர்த்தாமல், "போடா" என்றார். நான் அனுப்பிய சாமான்களில் ஒன்று அந்த வீட்டில் முதல் தடவையாகப் பழசாகத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

5

அடுத்தடுத்த நாட்கள் அண்ணன் வாசித்துக்கொண்டேயிருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் போன பிறகு அண்ணனின் கண் இன்னும் மங்கினால் பேத்தி கவிஷா வாசித்துக் காட்டலாமே. பத்து வயதுப் பிள்ளை. கண்டியில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள். அவளிடம் நீட்டினேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். "தாத்தா, இது தமிழ்" என்றாள்.

"ஆமா, வாசி."

"நான் பேசுவேன். வாசிக்கிறதுக்கு டிஃபிகல்ட்."

சுமதிக்கு முகம் சுருங்கியது. "டைம் எங்க மாமா? இங்கிலீஷ் கிளாஸ், சிங்களம் கிளாஸ், மெத்ஸ் கிளாஸ். தமிழ படிச்சு இங்க யாரு வேல குடுக்கப் போறா? நாங்க படிச்சு என்ன கண்டோம்?"

எத்தனை வருடமாக என் மகளை நினைத்து எனக்குள் வெட்கப்பட்டிருக்கிறேன். குளிர் நாட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன், ஊரில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று விரிப்பு மடிக்கும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன். கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில், வெளிநாட்டைக் கண்ணால் பார்க்காத ஒரு பிள்ளை, என் மகளைப்போலவே தனக்கும் தமிழ் வாசிக்க வராது என்று சிரித்துக்கொண்டு சொல்கிறாள். இத்தனை காலம் யாருக்காக வெட்கப்பட்டேன் என்று தெரியவில்லை.

ஆக அந்த வீட்டில் தமிழ் வாசிக்கிற ஆசை உள்ளவர் ஒருவர்தான். அவருக்குத்தான் கண் தெரிவதில்லை.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கண்டிக்குப் போய்விட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் எடுத்துத் திரும்பி வந்தேன். வாசலில் கொடியில் உறை காய்ந்துகொண்டிருந்தது. சுமதி துவைத்துப் போட்டிருக்கிறாள். சந்தனக் கறையைப் பார்த்து நான் முகம் சுளித்ததை அவள் மறக்கவில்லை. எனக்காகத்தான் துவைத்தாள். இதை நான் நன்றாக எழுதிவைக்க விரும்புகிறேன். அவள் கெட்டவள் இல்லை.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கருவி. உறை இல்லாமல்.

"விழுந்துருச்சுடா" என்றார்.

சிமெந்துப் படியில் விழுந்திருந்தது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் திரையின் கீழ்ப்பாதி முழுக்க கறுப்புக் கோடுகள், சிலந்திவலை மாதிரி.

சுமதி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஐயோ, கவர் காயுற வரைக்கும் வேணாம் மாமான்னு சொன்னேன்ல! கேட்டீங்களா? ஒரு வருசம் ஒரு கீறல் இல்லாம வச்சிருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சின்ன மாமா, நீங்களே சொல்லுங்க. நான் அது அங்கேயே இருக்கட்டும்னு இருந்தது தப்பா?"

நான் என் வழக்கப்படி தலையை ஆட்டினேன். தப்பு என்று ஆட்டினேனா, தப்பில்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

அன்று அண்ணன், திட்டு வாங்கிய பிள்ளைபோல, சாப்பிடக் கூப்பிட்டதும் உடனே எழுந்து வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணக்கப்பிள்ளைக்கே பதில் சொன்னவர் அவர்.

6

புறப்படும் நாள் காலை வேன் வந்துவிட்டது. சுமதி உறையை இஸ்திரி போட்டு மடித்து, ஷொப்பிங் பையில் வைத்து எடுத்து வந்தாள். "டெப்பையும் இதுக்குள்ள வச்சுக் கொண்டு போங்க சின்ன மாமா. அங்கன்னா செஞ்சு தருவாங்க. செஞ்சதும் அனுப்புங்க, இந்தத் தடவ இன்னும் கவனமா வச்சுக்குறோம்."

இந்தத் திரையை யாரும் பழுதுபார்த்துத் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வராமல் அண்ணனிடம் போனேன். அவர் ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கருவி அவர் கையில் இருந்தது. தலை குனிந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"வாசிக்கிறேன்."

குனிந்து பார்த்தேன். கருவிக்கு உயிர் இல்லை. பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் இந்த மாதிரித் திரையில், கடைசியாக இருந்த பக்கம் சார்ஜ் போனாலும் அப்படியே நின்றுவிடும். மேல்பாதியில் பெரிய பெரிய எழுத்தில் ஏழெட்டு வரி நின்றிருந்தது. ஒருவன் மழையில் நனைந்து ஒரு வீட்டுக்கு வருகிறான். கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரது?" என்று கேட்கிறது. அதற்குக் கீழே கறுப்பு.

"நேத்திலேருந்து இதுதான்" என்றார் அண்ணன். "சார்ஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். அது பாட்டுக்கு நிக்குது. இவன் தட்டிக்கிட்டே இருக்கான்."

"இத என்கிட்டக் குடுத்து அனுப்பச் சொல்றா அண்ணே, சுமதி."

அவர் கருவியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "செய்ய முடியுமா?"

"முடியாது."

"அப்ப இருக்கட்டும்."

வேன்காரர் ஹோர்ன் அடித்தார். கருவி இல்லாமல் போக எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்தப் புத்தகத்தை நான் முன்பே வாசித்திருந்தேன்.

"அண்ணே, அந்தக் கதை எனக்குத் தெரியும். அவன் என்ன சொன்னான்னு சொல்லட்டுமா? மிச்சத்தையும் போன்ல கொஞ்சங் கொஞ்சமா..."

"வாய மூடுடா!"

சுமதி ஷொப்பிங் பையோடு கதவடிக்கு வந்தாள்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. உடைந்த திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார்.

"சொல்லிப்புடாத. என்னத் தின்னணும், எத்தன மணிக்குப் படுக்கணும், எதத் தொடலாம், எதத் தொடக்கூடாது, எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க. இவன் என்ன பதில் சொல்லப் போறான்ங்கிறத மட்டுமாவது எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

பிறகு முதல் வரிக்குப் போய், திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார்.